ஸ்டெல்லா அக்கா எழுத மறுத்த வார்த்தை

அவனியாபுரத்தில் எங்கள் தெரு முனை எஸ்.டி.டி. பூத்துக்காரர் காலை பத்து மணிக்கு வாசலில் வந்து நின்று, "தம்பி, கப்பலூர்லருந்து போனு. லைன்லயே இருக்காக" என்றார். அந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிப்டு, மதியம்தான் வேலை; அந்த நேரத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள். எதிர்முனையில் பாய்லர் ஆப்பரேட்டர் பாண்டி அண்ணன்.

"பாய்லரு வெடிச்சிருச்சு மாப்ள. ஆபீஸ் சுவரு அப்படியே உள்ள விழுந்திருச்சு. நம்ம ஸ்டெல்லா போயிருச்சுடா."

அவரே தொடர்ந்தார். "நான் வெறகு எடுக்கப் போயிருந்தேன். அதுக்குத்தான் கோவம் ஜாஸ்தின்னு தெரியும்ல."

அவர் சொன்னது பாய்லரின் கோபத்தை.

மூன்று வாரம் ஆகிவிட்டது. நம் ரப்பர் கம்பெனி வாசலில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில், 'அமைதியான சுபாவம் கொண்ட எங்கள் அலுவலகக் கிளார்க்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவருடன் வேலை பார்த்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அக்கா அமைதியாக இருக்கவில்லை. நாம்தான் கேட்கவில்லை.

புதிதாகச் சேருகிறவனுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது மெஷின்களின் குணத்தைத்தான். ரெண்டாம் நம்பர் பிரஸ் சோம்பேறி, தட்டினால்தான் எழுந்திருக்கும். ரப்பரை உருளைகளுக்கு நடுவே பிசையும் மிக்ஸிங் மில் பொறாமைக்காரி, வேறு பக்கம் பார்த்தால் கையைக் கேட்கும். அந்த மில்லில் இரண்டு பேருக்கு விரல் போயிருக்கிறது. கட்டுப்போட்டுத் திரும்பி வந்தவர்களும் அதன் குணத்தைச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

மெஷின் புகார் ரிஜிஸ்டர் அக்காவிடம் இருந்தது. நாம் சொல்வதை அவர் எழுதுவார். ஒருநாள் நான் போய், "மில்லுக்கு அப்படி ஒரு சுபாவம்க்கா, எழுதிக்கங்க" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பிரேக் பிடிக்குதா இல்லையா?"

"பிடிக்கும்க்கா. லேட்டாப் பிடிக்கும்."

"அப்ப அதைச் சொல்லு. சுபாவம்னு எழுதுனா எந்த மெக்கானிக் வந்து ரிப்பேர் பாப்பான்? மனுசனுக்குத்தான்ப்பா சுபாவம். இரும்புக்குப் பழுதுதான்."

மனிதர்கள் விஷயத்திலும் அவர் அந்தச் சொல்லைச் சும்மா விட்டதில்லை. அச்சு சரியாக இறங்கவில்லை என்று முதலாளி நம் ஆள் ஒருவனைக் கன்னத்தில் அறைந்த மதியம் ஞாபகம் இருக்கும். சாப்பிட உட்கார்ந்தபோது, "அவரு சுபாவம் அது, மனசுல ஒண்ணும் வச்சுக்கமாட்டாரு" என்றார் பாண்டி அண்ணன். நாமும் தலையாட்டினோம். அக்கா டிபன் பாக்ஸை மூடாமலே கேட்டார்: "பேங்க் மேனேஜர் வந்தா அந்தச் சுபாவம் எங்கண்ணே போகுது? அப்ப மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு?" ஓவர்டைம் கேட்டவனுக்குத் திமிர், அறைகிறவனுக்குச் சுபாவம் என்று நமக்குப் பழகிப்போயிருந்தது.

இனி பாய்லர் கதை. ஆவியின் அழுத்தம் அளவு மீறினால் மேலே இருக்கும் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து ஆவியை வெளியே விடும். நம் வால்வு அடிக்கடி சீறியது. ஆனால் மீட்டர் முள் எப்போதும் குறைவாகவே காட்டியது. மீட்டர் கெட்டுப்போயிருக்கலாம் என்று எவனுக்கும் தோன்றவில்லை. மீட்டரை நம்பினோம், வால்வுக்கு முன்கோபம் என்றோம். அது சீறும்போதெல்லாம் ஆவி வீணாகி அச்சில் சூடு குறைந்தது, முதலாளி கத்தினார். வால்வை மூடிப் பிடிக்க அதன் தண்டில் ஏற்கெனவே ஒரு எடை தொங்கும். கூட ஒரு இரும்புத் துண்டைக் கட்டினால் அடங்கிவிடும் என்றார் பாண்டி அண்ணன்.

கட்டியது நான். "கோவக்காரரு சாந்தமாயிட்டாரு" என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் அக்கா ஆபீசை விட்டு வெளியே வந்தார். "என்னப்பா, சத்தத்தையே காணோம்?" என்றார். சத்தம் நின்றதற்குப் பயந்து வந்தவர் அவர் ஒருவர்தான். மேலே பார்த்தார்.

"எடுப்பா அத."

"எடுத்தா மொதலாளி என்னைய எடுத்துருவாருக்கா."

அக்கா உள்ளே போய் ரிஜிஸ்டரில் எழுதினார்: 'வால்வில் கூடுதல் எடை தொங்குகிறது. எடுக்கவில்லை.' அடுத்த நாளும் அதையே எழுதினார். அதற்கடுத்த நாளும். முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பாய்லருக்கும் அக்கா நாற்காலிக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு செங்கல் சுவர். அது தெரிந்தும் கோச்சடையிலிருந்து பஸ் ஏறி, தினமும் வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினார்.

அந்த ரிஜிஸ்டர் இடிபாட்டில் காணாமல் போய்விட்டது என்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணைக்கு அதிகாரி வருகிறார். முதலாளி நம்மைக் கூப்பிட்டு, "பழைய பாய்லரு சார், அதோட சுபாவம் யாருக்கும் பிடிபடலன்னு சொல்லுங்கடா, போதும்" என்று சொல்லிவிட்டார். பாண்டி அண்ணன் தலையாட்டினார். அவருக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், தெரியும். நீங்களும் தலையாட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதுவும் தலையாட்டல்தான்.

காம்பவுண்டுக்கு வெளியே கருவேலம் புதரில் தெறித்து விழுந்து கிடந்த அந்த இரும்புத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். நான் சுற்றிய கம்பி இன்னும் அதில் இருக்கிறது. திங்கட்கிழமை அதை அதிகாரியின் மேஜைமேல் வைத்து, கட்டியது நான்தான் என்றும், அக்கா தினமும் எழுதினார் என்றும் சொல்வேன். ரிஜிஸ்டரை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஒருவராவது அதைச் சொல்லுங்கள்.

நேற்று பக்கத்து ஷெட்டில் வேறொரு பழைய பாய்லரை இறக்கிப் பற்றவைத்துவிட்டார்கள். பாண்டி அண்ணன் அதன் பக்கத்தில் நின்று, "இது சாது மாப்ள, மூச்சே விடாது" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் புது கிளார்க்குக்கு மேஜை போட்டிருந்தார்கள். ஷெட் அமைதியாக இருந்தது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கேள்விதான். அதை அங்கேயே சத்தமாகக் கேட்டேன்.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்?"