முப்பத்தொன்றாம் இதழின் பதினெட்டாம் பக்கம்

‘காந்தக் காவலன்’ முப்பத்தொன்றாம் இதழ் ரயிலில் தொலைந்து போகவில்லை. அதை நான் திருடினேன்.

இரவல் வாங்கினேன். திருப்பிக் கொடுக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். இந்த மூன்றையும் கூட்டினால் திருட்டு என்றுதானே வரும்? நீங்களே கூட்டிப் பாருங்கள். நானும் இத்தனை ஆண்டுகளாகக் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்... வேறு விடை வரவில்லை.

ஒரு படக்கதைப் புத்தகம்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். முப்பத்திரண்டு பக்கம், மட்டமான காகிதம், மை விரலில் ஒட்டிக்கொள்ளும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் விழுப்புரத்தில் கணக்கு ஆசிரியராக இருந்தவன். இன்று எண்பதை நெருங்குகிறேன். மாத்திரைகளை எண்ணுகிறேன், மாடிப்படிகளை எண்ணுகிறேன், எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளை எண்ணுகிறேன். எண்ணாவிட்டால் நெஞ்சு படபடக்கிறது. நாற்பது வயதிலும் இப்படித்தான் இருந்தேன்.

அந்த வயதில் படக்கதையா என்று கேட்கிறீர்கள். ஆமாம்! பகலில் பையன்களிடமிருந்து அவற்றைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிய நான், ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் ரயிலேறித் திண்டிவனம் போனேன். அங்கே ரஹீம் பாயின் பழைய பேப்பர் கடையில் எங்கள் கூட்டம் கூடும். எல்லோரும் மீசை முளைத்தவர்கள். செஞ்சித் தடத்தில் ஓடும் பேருந்தின் கண்டக்டர் தண்டபாணி வருவார். ரேடியோ ரிப்பேர் செய்யும் சவரிமுத்து வருவான். இன்னும் இரண்டு மூன்று பேர். பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து காந்தனைப் பற்றிப் பேசுவோம்.

காந்தக் காவலன் எங்கள் இளவயது வீரன். இரும்பு இருக்கும் இடமெல்லாம் அவன் பலம். மொத்தம் நாற்பது இதழ்களோடு அந்தப் பதிப்பகம் மூடப்பட்டுவிட்டது. என்னிடம் முப்பத்தொன்பது இருந்தன. முப்பத்தொன்று மட்டும் இல்லை. அந்த மாதப் பெருமழையில் பார்சல்கள் நனைந்து, எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு அந்த இதழ் வரவே இல்லை.

முப்பத்தொன்பது... அது என்னை எப்படி அரித்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அலமாரியைத் திறந்தால் முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை வெற்றிடம் விட்டு வைத்திருப்பேன். பார்க்கும்போதெல்லாம் பல் விழுந்த ஈறு போல இருக்கும்.

அந்த இதழ் சவரிமுத்துவிடம் இருந்தது.

அவனுக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கும். இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பியவன். முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரை இரும்புச் சட்டம் போட்டிருப்பான். பத்து வயதில் சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கே ஆயாவாக இருந்த அவன் அத்தை வாங்கித் தந்த புத்தகம் அது. கடைக்கு ஒருநாளும் கொண்டு வந்ததில்லை. ஆளுக்கு ஆள் புரட்டிக் கிழித்துவிடுவார்கள் என்ற பயம். என்னை மட்டும் ஒரு ஞாயிறு தனியே அழைத்து, மெழுகுத்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கையில் வைத்தான்.

“உங்களுக்கு மட்டும்தான் சார் தர்றேன். ஒருவாட்டி நிதானமாப் படிங்க. பதினெட்டாம் பக்கம் வந்ததும் நிறுத்திப் பாருங்க. இன்னான்னு இப்ப சொல்ல மாட்டேன். படிச்சிட்டு வாங்க, பேசலாம்.”

ரயில் நகர்ந்ததுமே பிரித்துவிட்டேன். முதல் பக்கத்தில் பேனாவால், கோணல் எழுத்தில், அவன் பெயரும் வகுப்பும். பதினெட்டாம் பக்கத்தில் நான்காவது கட்டம். காந்தன் வீடு திரும்பி முகமூடியைக் கழற்றுகிறான். காற்சட்டையைச் சுருட்டுகிறான். இடது காலில் இரும்புச் சட்டம்! அடுத்த கட்டத்தில் கைத்தடியை ஊன்றி நொண்டியபடி தண்ணீர்ப் பானைக்குப் போகிறான். அவன் வானத்தில் எழும்புவதே அந்த இரும்பைக் காந்தம் இழுப்பதால்தான். மற்ற இதழ்களில் எல்லாம் முழுக்கால் சட்டைக்குள் மறைந்திருந்த ரகசியம்...

அந்தக் காலைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது. பத்து வயதுக் கை போட்ட வட்டம். அழுத்தி அழுத்தி, பலமுறை.

எனக்குக் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அந்த விரற்கடை இடைவெளியில் அதைச் செருகிப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்ணினேன். பிறகு நாற்பதிலிருந்து ஒன்று வரை.

அப்புறம் அதை எடுக்க என்னால் முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திண்டிவனத்தில் சவரி கடைவாசலிலேயே காத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கேள்வி. “இன்னா சார், பாத்தீங்களா?” என்றான்.

“சவரி... ரயிலிலேயே விட்டுட்டேன்பா. மேலே சாமான் பலகையில் வெச்சேன், மறந்து இறங்கிட்டேன். உறையைக்கூடப் பிரிக்கலை.”

கடைசி வாக்கியம் எதற்கு? யார் கேட்டார்கள்? பொய் உண்மையாகத் தெரிய வேண்டுமென்று நானே சேர்த்தேன். பிறகு அவனை அழித்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

 அவன் என் கையைப் பிடித்தான். “உடுங்க சார். எனக்குத்தான் மனப்பாடமாச்சே. நீங்க படிக்காமப் பூட்டீங்களேன்னுதான்...” என்றான். திட்டியிருக்கலாம்! ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே கொடுத்திருப்பேனோ என்று இன்று நினைக்கிறேன். பாருங்கள், இதிலும் பழியை அவன் மேல் போடப் பார்க்கிறேன்.

ஓராண்டு ஆயிற்று. காந்தக் காவலன் சினிமாவாக வருகிறது என்று ஒரு வார இதழில் முழுப்பக்க விளம்பரம். தண்டபாணி அதைக் கொண்டு வந்து பேப்பர் கட்டின் மேல் விரித்தார். கதாநாயகன் இரண்டு காலையும் அகட்டி நின்றிருந்தார்.

“பாத்தியா, இன்னா ஸ்டைலு! காந்தன்னா இப்டித்தான்யா இருக்கணும்.”

“மீசை எதுக்குய்யா? காந்தனுக்கு மீசை ஏது?” என்றார் பாய்.

“மொகமூடிக்கு உள்ள இருக்கும் பாய்.”

“நீ உள்ள பூந்து பாத்தியா?”

கையுறையின் நிறம் தவறு என்று நான் சொன்னேன். “இருபத்தாறு இதழில் நீலம், பதின்மூணில் கறுப்பு. சிவப்பு எங்கேயும் கிடையாது.” முப்பத்தொன்றில் இருந்த நிறத்தைச் சொல்லாமல் விழுங்கினேன்.

சவரி விளம்பரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். “எடது கால்ல இரும்பு எங்க?” என்றான்.

“எந்த இரும்பு?”

“காந்தன் கால்ல இரும்புச் சட்டம் போட்டிருப்பாரு. அத்தக் காந்தம் இழுக்கறதாலதான் பறக்கறாரு. முப்பத்தொண்ணுல இருக்குது. பதினெட்டாம் பக்கம்.”

 தண்டபாணி தொடையைத் தட்டிச் சிரித்தார். “டேய் சவரி! உன் காலைக் கயட்டி அவருக்கு மாட்டிட்டியேடா! அப்ப நீ ஏன்டா லொங்கு லொங்குன்னு நடந்து வர்ற? பறந்து வர்றதுதானே?”

எல்லோரும் சிரித்தார்கள். சவரியும் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. என்னிடம் திரும்பினான்.

“சாரைக் கேளுங்க, சாரு பொய் சொல்ல மாட்டாரு. சார், ரயில்ல ஒரு பக்கமாவது பொரட்டிப் பாத்தீங்களா? சும்மானாச்சும்?”

பாருங்கள்... கதவைத் திறந்தே வைத்தான்! ‘புரட்டிப் பார்த்தேன், இருந்தது’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும். ஆனால் உறையைப் பிரிக்கவில்லை என்றவன் எப்படிப் புரட்டினான் என்று யாராவது கேட்டால்? கேட்டால் என்ன? ஒரு கணக்கு வாத்தியாரின் மானம், அவ்வளவுதானே? அந்த எடையை அன்று நான் தப்பாக நிறுத்தேன்.

“உறையைப் பிரிக்கவே இல்லையேப்பா” என்றேன்.

அன்றிலிருந்து அவனுக்குப் பட்டப்பெயர் ‘பதினெட்டாம் பக்கம்’. கடைக்குள் நுழையும்போதே கூப்பிடுவார்கள்.

அவன் விடவில்லை. சினிமாக் கம்பெனிக்கு எழுதினான். நம்புவீர்களா, பதிலும் வந்தது! ஓர் அஞ்சலட்டை. அந்த இதழ் தங்களிடம் இல்லை, பக்கத்தை அனுப்பினால் பார்ப்போம், படப்பிடிப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு நேரே விழுப்புரத்துக்கு என்னிடம் வந்தான்.

“இங்க எங்கனா ஒரு காப்பி கெடைக்காதா சார்? கால் இப்டி இருக்கறவன் ஒருத்தன், சினிமாவுல, மேல பறந்தான்னா... நெனச்சிப் பாருங்க சார்!”

விழுப்புரத்தில் அப்போது பழைய பேப்பர் கடைகள் ஏழு. ஏழுக்கும் அவனோடு நடந்தேன். ஆமாம், நடந்தேன்! ஒவ்வொரு கடையிலும் நானும் குனிந்து கட்டுகளைப் பிரித்துத் தேடினேன். அலமாரிக்குள் எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தேடினேன். ஏழாவது கடையில் அவன் இரும்புச் சட்டம் உரசித் தோல் வழன்று, கால்சட்டையில் ரத்தம் கசிந்திருந்தது.

வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் மனைவி கேப்பை அடை வைத்தாள். “ஊர் பூராத் தேடினீங்களா? இவரு அலமாரியில இல்லாத புஸ்தகமா? தம்பிக்குத் தொறந்து காட்டுங்களேன்” என்றாள்.

சவரி நிமிர்ந்து பார்த்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆசை மட்டும்தான்.

“சாவி ஸ்கூல்ல இருக்கு” என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

பெயரில்லாமல் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் முதல் பக்கத்தில் அவன் பெயர். அழிக்கப் பார்த்தேன், காகிதம் கிழிய வந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி அனுப்பலாமே? உறையில் முகவரிகூட எழுதினேன். கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டினால் நாற்பது நாற்பதாக இருக்காதே என்று கீழே வைத்தேன்... என்னை எந்தப் பெயரால் வேண்டுமானாலும் அழையுங்கள்.

இரண்டு மாதம் முடிந்தது. செஞ்சிக் கோட்டையில் படப்பிடிப்பு. “ஹீரோ பாறையிலேர்ந்து பாறைக்கு ஒரே தாவு! கீய வலை கட்டிக்கினு இருந்தாங்க, அது வேற விசயம்” என்று தண்டபாணி கதை சொன்னார். கேட்கச் சவரி அங்கே இல்லை. நான்கு மாதம் அவன் வரவில்லை.

ஐந்தாம் மாதம் நான் கிளம்பினேன். தோள்பையில் விடைத்தாள் கட்டு. அதன் நடுவே முப்பத்தொன்று. கொடுத்துவிடுவது, காலில் விழுவது என்று முடிவு.

திண்டிவனத்தில் சவரி தன் ரேடியோக் கடையில் பற்றவைக்கும் கம்பியோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க சார்! போன ஞாயித்துக்கெயமை பாய் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுட்டேன்.”

“எதுக்கு?”

“நான் சொன்னது பொய்யின்னு சொல்லிட்டேன் சார். முப்பத்தொண்ணுல அப்டி ஒண்ணும் கெடையாது, நானா இட்டுக்கட்டினேன்னு. கம்பெனிக்கும் ஒரு கார்டு போட்டுட்டேன்.”

“ஏன்டா அப்படிச் சொன்னே?”

“ஒரே பேஜாரா பூட்ச்சி சார். வாரம் பூரா இங்க தனியாத்தான் குந்திக்கினு இருக்கேன். அந்த ஒருநாள்தான் நாலு பேரோட பேசறது. அதுவும் இல்லன்னா எப்டி? பொய்யின்னு சொன்னதும் தண்டபாணி கட்டிப்புடிச்சிக்கினாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. இப்ப யாரும் பட்டப்பேரு சொல்றதில்ல.” கம்பியின் நுனியைத் துடைத்தான். “நெசம் எனக்குத் தெரியும் சார். நீங்க அன்னிக்கு ஒரு பக்கம் படிச்சிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

செய்யாத குற்றத்தை அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். செய்த நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் விரல்கள் பையின் வாரை அவிழ்த்தன. மறுபடி கட்டின. எத்தனை முறை என்று எண்ணினேன். ஒன்பது முறை.

ரயிலுக்கு நேரமானபோது அவனும் கூடவே எழுந்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டான். “கனமா கீதே, குடுங்க சார், நான் எடுத்தாறேன்.”

நிலையம் வரை அவன்தான் சுமந்தான். சட்டம் கிறீச்சிட, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, தன் புத்தகத்தைத் தானே சுமந்துகொண்டு வந்தான். நான் கைவீசிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். அந்தப் படம் வெளியானதும், பதினொரு நாளில் தூக்கப்பட்டதும், நாங்கள் எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்த்ததும் பிறகு நடந்தவை. அவன் இன்றும் திண்டிவனத்தில்தான் இருக்கிறான். புத்தகம் இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை வரிகளையும் நான் எழுதியது அந்த நடையைச் சொல்வதற்காகத்தான்.

ஜன்னல் வழியாகப் பையை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

வண்டி புறப்பட்டது. மயிலத்தில் நின்றது. இறங்கித் திரும்பியிருக்கலாம். பேரணியில் நின்றது. எதிர் வண்டி பக்கத்திலேயே நின்றிருந்தது. விக்கிரவாண்டியில் எழுந்துகூட நின்றேன். முண்டியம்பாக்கத்தில் ஒரு கால் படியில் இருந்தது...

விழுப்புரத்தில் இறங்கினேன்.