கரண்டி நடத்திய விடுதி

கழுத்தில் மப்ளர், மடியில் புத்தகம். படம் உள்ள பக்கம் வந்தால் மட்டும் கேஸ் அண்ணன் கட்டைவிரலைப் படத்தின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு வாசிக்கிறார். அவரைச் சுற்றி, கதவு கழன்ற பிரிட்ஜ்கள் வாயைப் பிளந்து கதை கேட்கின்றன. "கரண்டி கதவைத் திறந்து, 'உள்ளே வாருங்கள், வெளியே பனி கொட்டுகிறது' என்றது."

பிரிட்ஜுக்கு கேஸ் நிரப்புகிறவர் என்பதால் அவர் தெருவுக்கே கேஸ் அண்ணன். முன்னறை பட்டறை, ஒரு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வீடு. நான் மாடியில் குடியிருப்பவன். குளிர் இறங்கிவிட்டால் அவருக்கு வேலை கிடையாது. "ஊரே பிரிட்ஜுக்குள்ள உக்காந்திருக்கு. அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்?" என்பார். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் நூலகத்தில் பிள்ளைகளோடு முண்டியடித்து மாயாஜாலக் கதைகளாகப் பார்த்து எடுத்து வருவார். அதிலும் ஐயாவுக்குச் சண்டை ஆகாது, சாவு ஆகாது. "அடுப்பு எரியணும், சூப் கொதிக்கணும். டிராகன் வந்தா வரட்டும், சாதுவா இருக்கணும்."

வாய்விட்டுத்தான் படிப்பார். "சத்தமாப் படிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும்." சுத்தப் பொய்! காலையில் அதே மனிதர் செய்தித்தாளை வாய் திறக்காமல் படித்து முடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சத்தம் திரைக்குப் பின்னால் இருப்பவளுக்காக. அவருடைய தங்கை. கணவன் இறந்த பிறகு, போன மழைக்காலத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கூப்பிட்டால் சாப்பிடுவாள், கேட்டால் "ம்" என்பாள். மற்ற நேரமெல்லாம் தையல் மெஷின்தான் பேசும். அண்ணி கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். ம்ஹூம், ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் மட்டும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. "கேஸ் இறங்கிட்டா உடனே நிரப்பக் கூடாதுங்க. எங்க கசியுதுன்னு மொதல்ல பாக்கணும். சோப்பு நுரையத் தடவிட்டு, கசியற எடத்துல குமிழி வர்ற வரைக்கும் பேசாம காத்திருக்கணும்."

இந்த விடுமுறையின் முதல் புத்தகத்தை அவர் கண்ணாடி இல்லாமல் ஆரம்பித்தார். கண்ணாடிமேல் அவரே உட்கார்ந்துவிட்டிருந்தார். மலை உச்சியில் ஒரு கரடி விடுதி நடத்துகிறது, அதுதான் கதை. நம் ஊர் எழுத்தில் கரடிக்கும் கரண்டிக்கும் எவ்வளவு தூரம்? ஒரே ஓர் எழுத்து. மங்கல் வெளிச்சத்தில் அவர் கண்ணுக்குக் கரண்டிதான் தெரிந்தது. நாங்களும் ஆட்சேபிக்கவில்லை. கெட்டில் பாடுகிற கதையில் கரண்டி விடுதி நடத்தினால் என்ன குறைந்துவிடும்? இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது வினை. "கரண்டி தன் முதுகை மரத்தில் தேய்த்துச் சொறிந்துகொண்டது."

மெஷின் சத்தம் நின்றது.

"கரண்டிக்கு ஏதுண்ணா முதுகு?"

கேட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. தேநீர் கொண்டுவந்த அண்ணி திரும்பித் திரையைப் பார்த்தார். என் கண் கலங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கேஸ் அண்ணன் அப்போதுதான் பக்கத்தின் நடுவில் இருந்த படத்தைக் கவனித்தார். ஏப்ரன் கட்டிய பெரிய கரடி. நானும் பார்த்துவிட்டேன். அவர் மெல்லக் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். "கதையில அப்படித்தாம்மா போட்டிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

மறுநாள் மாடிப்படியில் என்னை மறித்தார். "நேத்து குமிழி வந்துச்சு, பாத்தீங்கல்ல? உள்ள காலியா இருந்தா குமிழி வராதுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கரடின்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. மறுபடி உள்ள போய்டுவா."

அன்றிலிருந்து திரைச்சீலை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. பிறகு அவள் முக்காலியோடு வெளியே வந்தாள். மடியில் துணியும் ஊசியுமாக உட்கார்ந்தாள். கரண்டிக்கு ரோமம் வளர்ந்தது, தேன் பிடித்தது, நகம் வெட்ட வேண்டியிருந்தது. சளி பிடித்த டிராகன் தும்மி அடுப்பைப் பற்றவைத்தது. வழி தவறிய மேகம் ஒன்று சொட்டச் சொட்டப் படியேறி வந்து ஓர் அறை கேட்டது. கரண்டி அதற்குத் துவட்டத் துண்டு கொடுத்தது. ஜன்னலில் மூச்சு படிந்து தெரு மறைந்தால், நாங்களும் அந்த மலையில்தான் இருந்தோம். எனக்கோ வெட்கமில்லை. நன்றாக ஓடுகிற பிரிட்ஜைப் பற்றி ஏதாவது குறை சொல்லிக்கொண்டு தினமும் இறங்கிவிடுவேன்.

அவர் வேண்டுமென்றேதான் கரண்டி என்று படிக்கிறார் என்பது அண்ணிக்கும் தெரியாது. நேற்று நல்லது செய்வதாக நினைத்துப் புதுக் கண்ணாடி வாங்கி வந்துவிட்டார். "கண்ணு தெரியாம என்னத்தையோ உளறிட்டிருக்கீங்க. கரண்டியாம், நகமாம்! இதப் போட்டுட்டு ஒழுங்காப் படிங்க." அவரே கணவரின் மூக்கில் மாட்டியும்விட்டார்.

கேஸ் அண்ணன் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என் பிரிட்ஜில் ஒரு மாதிரி சத்தம்..." என்று நான் ஆரம்பித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

"க..." என்றார். நெற்றி வியர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். நழுவிய கண்ணாடியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். விரல் விலகியது. பக்கத்தின் நடுவில், உறைபனியில் கைவிளக்கோடு, ஏப்ரன் கட்டிய கரடி.

தங்கை ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அண்ணன் புத்தகத்தை மூடப் போனார்.

"மூடாதண்ணா. கரண்டி அப்புறம் என்ன பண்ணுச்சு?" என்றவள், அண்ணனின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக் கரடியின்மேல் வைத்து அழுத்தினாள்.