வெட்டிய வருஷம்

பால்டோமேரோவுக்கு அறுபத்து மூன்று வயது. கிரனடாவில் கோட்டைக்கு ஏறும் தெருவில் கிட்டார் செய்கிறவர். வாயைத் திறந்தால் ஊரில் வேறு எவனுக்கும் வேலை தெரியாது என்றுதான் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் அன்று காலை சொந்தப் பட்டறையிலேயே திருடனைப் போல் உட்கார்ந்திருந்தார்.

மேசைமேல் கிடந்த கிட்டார்தான் காரணம். 1992-ல் அவரே செய்தது. வாங்கிய மறு குளிர்காலமே மேற்பலகை நடுவில் பிளந்து, இருபத்தாறு வருஷமாக ஆணியில் தொங்கியது. அதை வாங்கியிருந்த பள்ளிக்கூடச் சமையல்காரி காசில்டா இப்போதுதான் மறுபடி வாசிக்கும் ஆசையில் சரிசெய்யக் கொடுத்திருந்தாள்.

முதுகுப் பலகையைக் கழற்றினால், மேற்பலகையின் உட்புறம் பென்சிலில் அவருடைய கையெழுத்து: 91. மரம் வெட்டிய வருஷம். அந்தத் தெருவில் எல்லாரும் இப்படிக் குறித்துவைத்துப் பத்து வருஷமாவது காயவிடுவார்கள். கார்ப்பஸ் திருவிழாவுக்குள் தருகிறேன் என்று வீறாப்பாக ஒத்துக்கொண்டு, இவர் ஒரே வருஷத்தில் கைவைத்துவிட்டார். பச்சை மரம், காயக் காயச் சுருங்கிப் பிளந்துகொண்டது.

ஆனால் கிட்டார் பிளந்தபோது அவர் சொன்னது வேறு. "யாரோ கனப்புச் சட்டிகிட்ட வச்சிருக்காங்க, அதான்." குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு மேசைக்கடியில் கனப்பு இருக்கும் ஊரில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கொஞ்சமும் கூசாமல் சொல்லியிருந்தார்.

இப்போதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். ஒன்பது அழிந்தது. அடுத்த இலக்கத்துக்குக் கை போனபோது தன்மேலேயே அருவருப்பு வந்து நிறுத்திவிட்டார்.

அந்நேரம் பார்த்து வாசலில் காசில்டா. "என்ன மேஸ்திரி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? பொழைக்குமா, பாதிரியாரக் கூப்பிடணுமா?"

"பொழைச்சுக்கும். ஆனா காசில்டா, இது கனப்பால போகல. பச்ச மரத்துல செஞ்சது நான்தான். அன்னைக்கே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. இப்பக்கூட எழுதியிருந்தத அழிக்கத்தான் பாத்தேன்."

காது வரைக்கும் முகம் எரிந்தது. அவள் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவள் திட்டவில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கக்கா நியேவெஸ்தான் கனப்புகிட்ட வச்சான்னு நான் முடிவு பண்ணிட்டேன் மேஸ்திரி. நான் வைக்கலன்னு மாதா மேல சத்தியம் பண்ணினா. பொய்ச் சத்தியம் வேறயான்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். அப்புறம் கடற்கரைப் பக்கம் மோத்ரில் ஊர்ல கட்டிக்கிட்டுப் போனா, கல்யாணத்துக்குக்கூட நான் போகல. இன்னைக்கு வரைக்கும் பேச்சில்ல."

பால்டோமேரோ கூனிக் குறுகிப் போனார். ஒரு பலகைதான் போனது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

"என்னை மன்னிச்சிரும்மா."

"என்கிட்டக் கேட்டு என்ன பண்ண? ஒரு மணிக்கு மோத்ரிலுக்கு பஸ் இருக்கு. கெளம்புங்க."

"நானா? நான் வந்து என்னம்மா சொல்றது?"

"நடந்ததச் சொல்லுங்க. மொதல்ல நீங்க சொல்லுங்க, நான் உங்க பின்னாடி நின்னுக்கறேன். அவ மொகத்தப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு."