குழாயடிக்கு வந்த விரிவுரையாளர்

நான் பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளனாக இருந்தபோது, விரிவுரையாளர் ஒருவர் துறைமுகத் தொழிலாளரின் குடியிருப்புகளைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். அவருக்கு மாதக்கணக்கில் அரசாங்க அறிக்கைகளைத் தேடிக் கொடுத்தே களைத்துப்போனேன். கட்டுரை அச்சானதும், கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் பக்கத்து வீட்டிலிருந்த துறைமுகத் தொழிலாளிக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"தம்பி, எங்கட குழாயில தண்ணி வாறதில்லை எண்டு எழுதியிருக்கோ?"

"இல்லை."

"அவர் இஞ்ச வந்து பார்த்தவரோ?"

"இல்லை," என்றேன்.

மறுநாள் இதை விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, குழாயடியில் பெண்களோடு ஒரு மணி நேரம் காத்து நின்றார். பிறகு உரிய அதிகாரிகளுக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். நானே தட்டச்சு செய்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பதில் வந்ததா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பாரோ என அஞ்சி, நான் சுற்றுவழியால் வீடு திரும்பத் தொடங்கினேன்.