முந்நூற்று அறுபத்தைந்து படி மேலே ஒரு மலைவாசஸ்தலம்

போன வாரம் என் மகன் வழுவழுப்பான காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். மூன்று இரவு, நான்கு பகல், காலைச் சிற்றுண்டி இலவசம், ஏரியில் படகு. "கம்மிச் செலவுல குடும்பத்தோட மலைக்குப் போலாம்பா. நீயும் வா" என்றான். காகிதத்தின் ஓரத்தில் ஒரு படம். பனிமூட்டத்துக்கு நடுவே புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். நால்வரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். எதைப் பார்த்து என்று போடவில்லை. நான் காகிதத்தை முகர்ந்து பார்த்தேன். எனக்கு அது ஒரு கெட்ட பழக்கம். வருஷா வருஷம் புதுப் பாடப்புத்தகக் கட்டுகளைப் பிரித்தே வயதானவனுக்கு வேறென்ன பழக்கம் வரும்?

"நான் ஏற்கெனவே போயிட்டு வந்தவன்டா" என்றேன். அவன் நம்பவில்லை. ஆனால் உண்மை. நாற்பதுகளில், யுத்தம் இன்னும் முடியாத காலத்தில், மிகக் குறைந்த செலவில், ஒரு மலைவாசஸ்தலத்தில் முழுதாக எட்டு நாள் தங்கியிருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் என்று நீங்கள் அவசரப்பட்டு நினைத்துக்கொள்ள வேண்டாம். சொல்கிறேன்.

அப்போது நான் திருத்தணியில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். எனக்கென்று இருந்த சொத்து இரண்டே இரண்டு. ஒன்று டிரெயினிங் சர்டிபிகேட். இன்னொன்று கிராப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முதற்கொண்டு எல்லோரும் குடுமிக்காரர்கள். நான் மட்டும் இடதுபக்கம் வகிடெடுத்து, எண்ணெய் தடவி, ஒரு முடி கலையாமல் வருவேன். தலையைப் பார்த்து வராத மரியாதை வேறு எதைப் பார்த்து வரப்போகிறது என்பது என் எண்ணம். அந்த வயதில் எண்ணங்களுக்கா பஞ்சம்.

என் மனைவி லோகம்மா. பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலம் வைத்துப் பயிர்செய்கிற குடும்பம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பிள்ளை பிறந்துவிட்டது, ஆண் என்று கார்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் அரைப் பரீட்சை. சனிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்த நாளில் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து அந்தப் புகையில் ஓட்டுவார்கள். மேடு வந்தால் நாங்கள் இறங்கித் தள்ளுவோம். அன்றைக்கு மேடு இல்லாத இடத்திலும் தள்ளினோம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு நாள் இருந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பரீட்சையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னையுந்தான்.

லோகம்மா திரும்பி வந்தாள். எழுந்தாள், பெருக்கினாள், சமைத்தாள், எனக்குப் போட்டாள். அவள் மட்டும் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்று சொல்வாள். பானையைப் பார்த்தால் அப்படியே இருக்கும். அழவும் இல்லை. துக்கம் கேட்க வந்த தெருப் பெண்கள் கண்ணைக் கசக்கினால், மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர்கள் குடித்து முடிக்கிறவரை நின்றுகொண்டிருப்பாள். ஐந்து மாதத்தில் பாதி ஆளாகிவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. இவளும் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், என் கிராப்பையும் பார்த்தார். வசதியுள்ளவன் என்று அதை வைத்துத்தான் முடிவுசெய்திருக்க வேண்டும்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. லீவுல ஒரு மலைவாசஸ்தலத்துக்கு அழைச்சிக்கினு போங்க. மூணு விஷயம். வேலை கூடாது. உறவுக்காரங்க கூடாது. அந்தக் கொழந்தைப் பேச்சே கூடாது."

மலையையும் மருந்துபோல ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் கம்பவுண்டரிடமே வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, அட்டையில் 'மலைவாசம்' என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். திட்டத்தில் இதுதான் கடைசிவரை மாறாமல் நின்ற பகுதி. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. ஜில்லாவில் பெரிய உத்தியோகஸ்தர்கள் கோடைக்கு மதனப்பள்ளியைத் தாண்டி ஒரு மலைக்குப் போவார்கள் என்று கேள்வி. பள்ளிக்கூடத்து மேப்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, நூல் வைத்து அளந்தேன். நூல்படி ஒரு சாண். ரயில்படி மூன்று வண்டி, அதற்குமேல் மாட்டுவண்டி, அதற்குமேல் நடை. ஸ்டேஷனில் விசாரிக்கப் போனேன். அவசியமில்லாமல் யாரும் பிரயாணம் செய்யவேண்டாம் என்று சுவரில் ஒட்டியிருந்தது. நான் அதையே படித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர், "அது உமக்குத்தான்" என்றார்.

மதனப்பள்ளியில் என்னோடு டிரெயினிங் படித்த ஒருவன் இருந்தான். அவனுக்குக் கார்டு போட்டேன். மலையில் வெள்ளைக்காரர்களுக்கு பங்களா உண்டு, சமையல்காரனை நாமே அழைத்துப்போக வேண்டும், ஆளுக்கு இரண்டு கம்பளி, கரடி உண்டு என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தான். இதற்கெல்லாம் பதிலாக எங்கள் வீட்டுக்கே வந்து தங்கு, பிள்ளையைப் பறிகொடுத்த கதையை என் அம்மா உன் மனைவியிடம் பக்குவமாகப் பேசுவாள் என்று முடித்திருந்தான். நல்லவன். கார்டைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்தது அரிசி. வெளியூரில் தங்க வேண்டுமானால் ரேஷன் கார்டில் எழுதி வாங்க வேண்டும். அங்கே இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கல்யாணமா, சாவா?"

"ரெண்டும் இல்லீங்க. எட்டு நாள் மலையில போய்க் காத்து வாங்கலாம்னு."

இப்போதுதான் தலையைத் தூக்கினார். "வாத்தியாரே, கல்யாணத்துக்கு எழுதுவேன், சாவுக்கு எழுதுவேன். காத்துக்கு எந்தக் கட்டத்துல எழுதறது? நீயே சொல்லு."

வீட்டுக்கு வந்து நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலில் நேராகத் தணிகைமலை நின்றுகொண்டிருந்தது. அதை நான் கோயிலாகப் பார்த்திருக்கிறேனே தவிர ஒரு நாளும் மலையாகப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு படியாக முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் முந்நூற்று அறுபத்தைந்து படி என்று... பாருங்கள், தப்பாகச் சொல்கிறேன், நாளுக்கு ஒரு படி. மேலே சத்திரம் இருக்கிறது. ரயில் வேண்டாம், கம்பளி வேண்டாம், ரேஷன் கார்டில் எழுத வேண்டாம். கரடியும் கிடையாது. மலை என்றால் மலைதானே? டாக்டர் உயரம் எதுவும் சொல்லவில்லையே?

லோகம்மாவிடம் சொன்னேன்.

"தோ இருக்குதே, அந்த மலையா?"

"ஆங்."

"எட்டு நாளைக்கா?"

"ஆங்."

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் துணிகளை மூட்டை கட்டினாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சித்திரை வெயில். கீழே இருந்ததைவிட மேலே சூடு அதிகம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. பாறை பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பொழுது சாய்ந்தபின் நிதானமாகத் திருப்பிக் கொடுக்கும். சத்திரத்துக் காவல்காரர் ஒரு கிழவர். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இன்னா வேண்டுதலு?" என்றார்.

"வேண்டுதல் ஒண்ணுமில்லீங்க. சும்மா தங்கிட்டுப் போலாம்னு."

"சும்மாவா?" என்று என் கிராப்பைப் பார்த்தார். பிறகு லோகம்மாவை இரக்கத்தோடு பார்த்தார். ஓடிவந்த ஜோடி என்று தீர்மானித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. எங்கள் பக்கத்தில் மலையேறினால் ஒரு காரணம் வேண்டும். நொச்சிலி ஊர்க்காரர்கள் எடுக்கிற காவடி, மொட்டை, காதுகுத்து, கல்யாணம். காரணமில்லாமல் மலையில் தங்குகிறவை குரங்குகள் மட்டுந்தான்.

டாக்டர் சொன்னபடி நான்தான் சமைத்தேன். முதல் நாள் சோறு அடிப்பிடித்தது, இரண்டாம் நாள் வேகவில்லை, மூன்றாம் நாள் சரியாக வந்ததைக் குரங்கு எடுத்துப்போனது. லோகம்மா பொதட்டூர்பேட்டைப் பக்கம் பார்த்த ஒரு பாறைமேல் நிழல் இருக்கிறவரை உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் தடுக்காத விஷயங்களாகப் பேசுவேன். ரயில் புகையைக் காட்டி, அதோ அரக்கோணம் வண்டி என்பேன். ஆமாம் என்பாள். மூன்று நாளில் ஒன்பது வண்டி காட்டினேன்.

நாலாம் நாள் காலையில் கீழே படியில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். என் மாமனார் தேங்காய் மூட்டையோடு முன்னால் வர, பின்னால் மாமியார், அத்தைமார்கள், பெரிய வெண்கலப் பானையைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் என்று பதினோரு உருப்படிகள் ஏறிக்கொண்டிருந்தன. காவல்காரர் லோகம்மாவிடம் நைஸாக அப்பன் பெயரைக் கேட்டு, பொதட்டூர்பேட்டைக்குப் போகிற லுங்கி மூட்டை வியாபாரி ஒருவனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். டாக்டர் வேண்டாம் என்ற மூன்றும் வரிசையாகப் படியேறி வந்தன.

"இன்னா மாப்ள, முடி எறக்க வந்துட்டு ஒரு வார்த்த சொல்லல?" என்றார் மாமனார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"முடியா? நாங்க சும்மா..."

"மலைக்கு யாரு மாப்ள சும்மா வருவாங்க? பேரன் பொறந்த அன்னிக்கே வேண்டிக்கினேன், மொத முடி தணிகைமலையிலன்னு. புள்ள போயிட்டான். வேண்டுதல் போயிடுமா? புள்ளைக்கு இல்லன்னா அப்பன் குடுக்கணும். அதான் மொற."

பிள்ளைப் பேச்சை லோகம்மா எதிரில் ஒருவரும் எடுத்ததில்லை. நான் பதறிப்போய், "மாமா, டாக்டரு இந்தப் பேச்சே..." என்று ஆரம்பித்தேன்.

"டாக்டரு மலைக்குப் போவச் சொன்னாரு, போயிட்டீங்க இல்ல? மீதிய சாமி பாத்துக்கும்."

என் கிராப்பைக் காப்பாற்றுவாள் என்று லோகம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கிராப்பு ஞாபகந்தான். அவள் என் தலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுங்க" என்றாள்.

மண்டபத்து நிழலில் நாவிதர் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தார். நடுவில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, வெற்றிலை போட எழுந்துபோனார். பாதி வழித்த தலையோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வழியில் போன என் மாணவன் ஒருவன் நின்று கைகட்டி, "வணக்கம் சார்" என்றான். நானும் வணக்கம் சொன்னேன்.

முடிந்ததும் லோகம்மா கிண்ணத்தில் சந்தனத்தோடு வந்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் தேடினேன். சிரிப்பு! வாயைப் பொத்திக்கொண்டு, கிண்ணம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அத்தைமார்களும் சிரித்தார்கள். சிரித்தபடியே சந்தனத்தைத் தடவ ஆரம்பித்தவளின் கை பின்மண்டையில் வந்து நின்றுவிட்டது.

"இங்க ஒரு பள்ளம் இருக்குதே" என்றாள். "அவனுக்கும் இங்கியே இருந்திச்சி. இதே தல. என் கட்டவெரலு சரியா உக்காரும்."

அப்புறந்தான் அழுதாள். மலையே கேட்கும்படி அழுதாள். மாமியார் ஓடிவந்தாள், மாமனார் கையைக் காட்டி, "வுடு, அழட்டும். போயி பொங்கலக் கெளறு" என்று அனுப்பிவிட்டார். என் தலையைப் பிடித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். ஐந்து மாதமாக நான் அழவில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டாள். உறவுக்காரர்கள் மறுநாள் இறங்கிவிட்டார்கள். மிச்ச நாளெல்லாம் அந்தப் பாறைமேல் உட்கார்ந்து அவனைப் பற்றியே பேசினாள். பிறந்ததும் இரண்டு தும்மல் போட்டானாம். வலது கையைத் துணிக்குள் வைத்தால் நிற்காதாம், வெளியே வந்துவிடுமாம். நாலு நாள் பிள்ளைக்குக் கதை எவ்வளவு இருக்கும் என்கிறீர்கள்? நாலு நாளுக்கும் குறையாமல் பேசினாள். ரயில்களை நான் காட்டவேயில்லை. ஊர் திரும்பியதும், மலைக்காற்றில் மனைவி தேறிவிட்டாள் என்று டாக்டருக்கு ஒரு கார்டு போட்டேன். அவர் அந்த வைத்தியத்தை இன்னும் எத்தனை பேருக்குச் சொன்னாரோ.

இப்போது மலைக்குத் தார் ரோடு. வண்டி கோயில் வாசல்வரை போகிறது, படியேறுகிறவர்கள் வேண்டிக்கொண்டவர்கள்தான். சத்திரத்தை இடித்துவிட்டார்கள். அவள் உட்கார்ந்திருந்த பாறை இருந்த இடத்தில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். கரி பஸ்ஸும், கட்டம் போட்ட ரேஷன் கார்டும், கிராப்பைப் பார்த்து வசதியை அளக்கிற டாக்டர்களும் போன இடம் தெரியவில்லை. போகட்டும், யாருக்கு வேண்டும் அதெல்லாம். மாமனார் போனார், மாமியார் போனாள், அத்தைமார்கள் போனார்கள், பிரசவம் பார்த்தவள் போனாள். முந்தின வருஷம் லோகம்மாவும் போய்விட்டாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் இனி ஒருவரும் இல்லை. எனக்குத் தெரிந்தது பின்தலை மட்டுந்தான். அதுவும் அவள் சொல்லி.