குறை சொல்லி வாங்குகிற மனிதர்

சுவிஸில் நாங்கள் இருக்கிற ‘வில்’ என்ற சின்ன நகரத்துத் தமிழர் யாராவது கார் வாங்கப் போனால் முதலில் என் வீட்டுக்குத்தான் போன் வரும். “அக்கா, சச்சியண்ணை நிக்கிறாரோ? ஒருக்கா எங்களோட வரச் சொல்லுங்கோ.” சச்சியண்ணை என்பது என் மனுசன் சச்சிதானந்தன். வயது அறுபத்திரண்டு. இரும்பு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடமாக மெசினில் நிற்கிறார். ஒரு பொருளை வாங்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கையில் எடுப்பார், புரட்டிப் பார்ப்பார், ஒரு குறையைக் கண்டுபிடிப்பார், அந்தக் குறையையே பிடித்துத் தொங்கி விலையை இறக்குவார். சுவிஸ் கடையில் ஒட்டியிருக்கிற விலைதான் விலை என்று எல்லாருக்கும் தெரியும். இவருக்கு மட்டும் அது காதில் ஏறாது. சலவை மெசின் வாங்கப் போன இடத்தில் கதவு ஒரு மில்லிமீட்டர் சரிவு என்று முக்கால் மணி நேரம் வாதாடி நாற்பது பிராங் குறைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய், வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றேன்.

நான் கஜலக்சுமி. இந்த மனுசனை எனக்குப் பேசியது தொண்ணூற்று மூன்றில். நான் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தேன். அவர் இங்கே அகதி வழக்குப் போட்டுவிட்டு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். சாதகம், சீதனம் எல்லாம் பெரியவர்கள் பார்த்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. துவக்குத் தூக்கியவன் எனக்கு வேண்டாம். எந்த இயக்கமாக இருந்தாலும் வேண்டாம். எண்பத்தாறில் என் தம்பி சிவநேசனைப் பதினேழு வயதில் ஒரு இயக்கம் கூட்டிக்கொண்டு போனது. இன்னொரு இயக்கம் அவனைச் சந்தியில் வைத்துச் சுட்டது. இரண்டு பக்கமும் எங்கள் பிள்ளைகள்தான். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். போனில் இவரிடம் நேரடியாகவே கேட்டேன். “சத்தியமாச் சொல்லுறன், நான் துவக்கைக் கையால தொட்டதில்லை” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

அந்த வார்த்தைக்கு ஏற்றபடிதான் நடந்தும் கொண்டார். எங்கள் மகன் கிஷோபன் இங்கே பிறந்தவன். இராணுவச் சேவைக்குப் போனான். இந்த நாட்டில் சேவை செய்கிறவன் துவக்கை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவான். நான் சத்தம் போட்டேன். அரசாங்கத்துச் சாமான், கடைசியில் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று என்னைச் சமாளித்து, கட்டடத்தின் அடியில் இருக்கிற எங்கள் கெல்லர் அறையில் வைத்துப் பூட்டினான். அன்றிலிருந்து இவர் கெல்லர் பக்கமே போகவில்லை. பத்து வருடம் அரிசி மூட்டையை நான்தான் கீழேயிருந்து தூக்கி வந்தேன். பயந்த மனுசன் என்று மனதுக்குள் சிரிப்பேன். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

போன வருடம் கிஷோபனின் சேவை முடிந்தது. வைத்திருந்த துவக்கை நூறு பிராங் கட்டிச் சொந்தமாக்கலாமாம். அதற்கு ஒரு நிபந்தனை. கடைசி மூன்று வருடத்தில் இரண்டு தடவையாவது, கோடைத் தொடக்கத்தில் ஊர் ஊராக நடக்கிற சுடுபோட்டியில் சுட்டிருக்க வேண்டும். இவன் ஒரு வருடம்தான் சுட்டான். ஒரு வருடம் பாரிசில் கலியாணம், அடுத்த வருடம் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. இரண்டுக்கும் அவனைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனது நான். துவக்கு திரும்பிப் போனது. சந்தோசமாக ஒரு கற்பூரம் கொளுத்தினேன்.

அந்தச் சந்தோசம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அவன் ஊர்ச் சுடும் கழகத்தில் உறுப்பினர். முந்நூறு மீட்டரில் பதக்கம் எல்லாம் எடுத்திருக்கிறான்.

“அங்க மட்டும்தான் அம்மா, நான் எந்த நாடு எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. எத்தினை புள்ளி எண்டுதான் கேப்பினம்” என்றான். சொந்தமாக ஒரு துவக்கு வாங்கப் பொலிஸ் அனுமதியும் எடுத்துவிட்டான். புதிது ஒன்று மூவாயிரத்து நானூறு பிராங்.

“உந்தச் சனியன் என்ர வீட்டுக்குள்ள வந்தால் நான் வெளியில போவன்” என்றேன்.

இவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார். நானும் எனக்குத் துணையாகப் பேசப் போகிறார் என்று பார்த்தேன்.

“மூவாயிரத்து நானூறோ? உனக்கென்ன விசரோ? பழசு பாத்தால் கால்வாசிக் காசுக்கு எடுக்கலாம்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டுக்குள் துவக்கு வரலாமா என்பது பேச்சு. இந்த மனுசன் விலையைப் பற்றிக் கதைக்கிறார். “நீங்களும் ஒரு மனுசனோ?” என்று கேட்டேன். சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போவதாகத் தீர்மானித்தார்கள். நானும் வாறன் என்று காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். கடையிலேயே வைத்துக் குழப்பிவிடுவது என்பதுதான் என் எண்ணம்.

கடை சென் காலன் நகரத்துக்குப் போகிற வழியில் இருந்தது. கடைக்காரர் நரைத்த மீசையோடு, சிரிக்காத சுவிஸ் கிழவர். கிஷோபன் கேட்டதும் புதிது ஒன்றையும், இராணுவம் முன்னர் பாவித்த பழைய மாதிரி ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். பழசு எழுநூற்றைம்பது. உள்ளே இருக்கிற இரும்பையெல்லாம் வெளியே எடுத்துத் துணியில் பரப்பிக் காட்டினார். கிஷோபன் பழசைத் தொட்டுப் பார்த்துவிட்டு, புதியதையே பார்த்துக்கொண்டு நின்றான். இது பாரம் என்றான், அது கைக்குப் பழக்கம் என்றான்.

“புதுசுக்குக் குடுக்கிற காசில பாதி, கொம்பனியின்ர பேருக்குத்தான் போகும். தள்ளு, நான் பாக்கிறன்” என்றார் இவர்.

அப்பாவும் மகனும் காசுக்கு அடிபடட்டும், எனக்கு வேலை மிச்சம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இவர் பழைய துவக்கின் குழலைத் தூக்கினார். முதலில் விரலைப் பின்பக்கம் உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு யன்னல் பக்கம் திருப்பி ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். துணியில் கிடந்த இரும்பை எடுத்து, அதன் இரண்டு பக்கமும் இருந்த சின்ன உருளைகளைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி விட்டார். அதற்குப் பிறகு வழக்கமான வேலையைத் தொடங்கினார்.

“குழல் வாய் தேய்ந்திருக்கிறது” என்று கடைக்காரரிடம் டொச்சில், ஜெர்மன் மொழியில், சொன்னார். “பின்னாலிருந்து துடைக்காமல், முன்னாலிருந்து கம்பியை விட்டு இழுத்திருக்கிறார்கள். கிட்டத்தில் தெரியாது. முந்நூறு மீட்டரில் ரவை விலகும். இதற்கு எழுநூற்றைம்பதா?”

“அறுநூற்றெண்பது” என்றார் கடைக்காரர்.

“ஐந்நூற்றைம்பது. இந்த உருளையும் தளர்ந்துவிட்டது.”

இப்படியே பேச்சுப் போனது. இவர் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் வாதாடினார். கைகள் மட்டும் கீழே தம்பாட்டுக்கு வேலை செய்தன. இரும்பு உள்ளே போனது, பின்கட்டை திரும்பி இறுகியது, எல்லாம் பூட்டி முடிந்தது. ஒரு தடவைகூட அவர் குனிந்து பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடமாக இந்தக் கைகளுக்குச் சோறு போட்டவள் நான்.

“அறுநூறு” என்று கடைக்காரர் கையை நீட்டினார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். “உருளையை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று இங்கே வருகிறவர்களில் யாருக்கும் தெரியாது. ஐயா எங்கே சேவை செய்தீர்கள்?”

“அப்பா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இரும்போடுதான் வேலை” என்றான் கிஷோபன்.

“தொழிற்சாலையில் இதைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்” என்றார் கிழவர் மரியாதையாக.

இவர் துவக்கை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கிஷோபன் அட்டையைக் கொடுத்துக் காசு கட்டினான். நான் கடையில் ஒன்றையும் குழப்பவில்லை.

காரில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. மகன் ஓட்டினான். இவர் முன்னால் இருந்தார், நான் பின்னால்.

“இயக்கத்தில எத்தினை நாள் இருந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“கஜா, வீட்டை போய்க் கதைப்பம்.”

“எத்தினை நாள்?”

“ஏழு மாசந்தான்.”

ஏழு மாதம்தானாம். தன் பொய்க்கும் விலை குறைக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே அவரின் பிடரியைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

“எந்த வருசம்?”

“எண்பத்தாறு.”

“எந்த இயக்கம்?”

கிஷோபன் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். இவர் பெயரைச் சொன்னார். என் தம்பியைச் சுட்ட இயக்கத்தின் பெயர் அது.

“உம்மட தம்பியை நான் கண்டதேயில்லை. நான் அந்த நேரம் மன்னாரில நிண்டனான். சத்தியமாச் சொல்லுறன், கஜா” என்றார்.

மன்னாரில் நின்றிருக்கலாம். உண்மையாகவே கண்டிருக்காமலும் இருக்கலாம். எனக்கு அதை இனி யார் சொல்ல வேண்டும்? சொல்லக்கூடிய ஒரே ஆள் இவர்தான். இவரின் சத்தியத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கிவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிஷோபன் காரை ஓரம் கட்டி நிறுத்தினான்.

“அம்மா, நான் இப்பவே திரும்பிப் போய் அந்தத் துவக்கைக் குடுத்திட்டு வாறன். எனக்கு அது வேண்டாம்” என்றான்.

“அது இருக்கட்டும், தம்பி. அதை எங்கயும் வைக்கலாம்” என்றேன். “இந்த மனுசனை நான் இனி எங்க வைக்கிறதெண்டு நீ சொல்லு.”