பிலோமினா அக்கா சொல்லாமல் விட்டது

வெருகலில் ஒரு கூட்டத்துக்காக லொறியிலிருந்து கதிரைகளை இறக்கிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. பிலோமினா அக்காவின் தம்பி தொலைபேசியில் எடுத்திருந்தார். "அக்கா விடியப்புறம் போயிட்டா, தங்கச்சி" என்றார். மௌத்துச் செய்தி, சாவுச் செய்தி கேட்டால் எங்கள் முஸ்லிம் ஆட்கள் ஓதும் வார்த்தை தானாக என் வாயில் வந்தது. அக்கா வேதக்காரி, ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போனவர். அதற்கு நான் என்ன செய்ய, இழப்பு வந்தால் எனக்குத் தெரிந்த சொல் அதுதானே. கையில் இருந்த கதிரையை மணலில் வைத்து அதிலேயே இருந்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன் என்றாலும், அறியாதவர்களும் வாசிப்பீர்கள். ஒரு துறைமுகத்துக்கோ பாலத்துக்கோ வெளிநாடொன்றிடம் உதவி கேட்க அரசாங்கம் முன்மொழிவு எழுதும்போது, அந்த ஊர்ச் சனத்திடம் கருத்துக் கேட்டோம் என்று அதில் காட்ட வேண்டும். கேட்காவிட்டால் காசு தருகிற நாடு கோப்பைத் திறந்தும் பார்க்காது. அந்தக் கேட்கிற வேலைதான் அக்காவின் வேலை. கூட்டம் கூட்டுவார், கதைக்க வைப்பார். நான் குறிஞ்சாக்கேணியிலிருந்து போய் அவர் பக்கத்தில் இருந்து எழுதுவேன். முதலில் சம்பளத்துக்குப் போனேன். பிறகு அவருடைய வாயைக் கேட்பதற்காகவே போனேன்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். மூதூரில் ஒரு கூட்டத்தில் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தவர் விடவேயில்லை. திட்டத்தின் நன்மைகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். சனம் கொட்டாவி விடுகிறது. அக்கா எழும்பிப் போய்ப் பக்கத்தில் நின்று, சிரித்த முகத்தோடு, "சேர், நாங்கள் கேக்க வந்தனாங்களோ, சொல்ல வந்தனாங்களோ?" என்றார். அந்த மனிதர் அசடு வழிந்துகொண்டு ஒலிவாங்கியைக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் நான், "என்னக்கா, வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க" என்றேன். "தூக்கட்டும். வீட்டில உடுப்புக் கிடக்கு தோய்க்க" என்றார்.

அவரை அறிந்த எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கடற்கரைக் கிராமத்துக் கதைக்கு வருகிறேன். பெயர் எழுதவில்லை, விஷயம் இன்னும் முடியவில்லை. மூதூர்க் குடாவுக்குத் தெற்கே, ஓர் ஆற்று வாயின் அருகே இருக்கிற ஊர். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று இழுக்கிற கரைவலைதான் அவர்களுடைய சீவியம். வலை இழுக்க, கல் இல்லாத சுத்த மணல் கரை வேண்டும். அதைப் பாடு என்பார்கள். அந்த ஊருக்கு ஒரேயொரு பாடுதான் இருக்கிறது. அரசாங்கம் அங்கே படகுத் துறையும் மீனுக்குக் குளிர் அறையும் கட்ட வெளிநாட்டிடம் கேட்கப்போகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வரைபடத்தில் கட்டடம் நின்ற இடம் அந்தப் பாட்டின் நடு நெஞ்சில்.

முதல் கூட்டத்துக்குத் திட்ட அலுவலகத்தின் பணிப்பாளரோடு உதவி தரும் நாட்டின் ஆலோசகர் ஒருவரும் வந்தார். ஊர் என்ன செய்தது தெரியுமா? பந்தல் போட்டு, இளநீர் வெட்டி, இறால் பொரியல், கணவாய்க் கறி, பாரைக் குழம்பு என்று விருந்து வைத்தது. முஸ்லிம் பிள்ளை என்று எனக்கு வேறாகப் புதுச் சட்டி வாங்கிச் சமைத்திருந்தார்கள். அல்லாஹ்வே, அந்த அன்பை நான் எங்கே கொண்டுபோய் வைக்க! சாப்பிட்ட பிறகு வரைபடத்தை விரித்துக் கருத்துக் கேட்டார்கள். சங்கத் தலைவர் தங்கராசா அண்ணன் எழும்பி, "நல்ல திட்டம். எங்கள நினைச்சு இவ்வளவு தூரம் வந்ததுக்கு நன்றி" என்று சொல்லி இருந்துவிட்டார். சனம் கை தட்டியது. பணிப்பாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும், பெருநாள் பிறை கண்ட முகம்.

வாகனங்கள் புறப்பட்டன. அக்கா ஏறவில்லை. "நாங்கள் பஸ்ஸில வாறம்" என்று அனுப்பிவிட்டுப் பெண்கள் சட்டி கழுவுகிற இடத்துக்குப் போய்க் குந்திக்கொண்டார். தானும் ஒரு சட்டியை இழுத்துத் தேய்த்தார். பிறகு தங்கராசா அண்ணனின் மனைவி சாம்பல் கையோடு நிமிர்ந்து, "அதில கட்டடம் வந்தா வலையை எங்க கொண்டுபோய் இழுக்கிறது, றோட்டிலயா?" என்று கேட்டார். அவ்வளவுதான், மடை உடைந்தது. ஆற்றுக்கு அப்பால் கல் கரை சும்மா கிடக்கிறது, துறையை அங்கே கட்டலாமே என்று ஆளுக்காள் சொல்கிறார்கள். அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இதை ஏன் அண்ணன் அங்க சொல்லேல்ல?" என்று பக்கத்தில் நின்ற தங்கராசா அண்ணனைப் பிடித்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நம்மட சோத்தைத் தின்டுபோட்டு இருக்கிற மனிசர், பிள்ளை. முகத்துக்கு நேர எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது?" என்றார்.

ஊர் சம்மதம் என்று பணிப்பாளர் எழுதி முடித்துவிட்டார். அக்கா போய்ச் சண்டை பிடித்தார். "விருந்தாளிக்குக் குடுத்த பதில் பதில் இல்லை, சேர்" என்றார். இன்னொரு கூட்டம் வேண்டும், அதுவும் விடியக் காலையில், வலை இழுக்கிற நேரத்தில், கடற்கரையிலேயே வேண்டும் என்று நின்றார். "பதாகையை எங்கே கட்டுவது?" என்று பணிப்பாளர் கேட்டாராம். மனிதருக்கு வந்த கவலையைப் பாருங்கள்! ஆனால் அக்காவின் கணக்கு எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்தவன்தான் விருந்தாளி. வேலை நடக்கிற இடத்துக்கு வந்தவனுக்கு யாரும் இலை போட மாட்டார்கள்.

அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். இரண்டு கயிறுகளிலும் ஆட்கள் பின்னோக்கி நடந்து இழுக்கிறார்கள். பணிப்பாளர் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் நிற்கிறார். ஆலோசகரும் நிற்கிறார். தேத்தண்ணியும் இல்லை, கதிரையும் இல்லை. அக்கா தங்கராசா அண்ணனின் பக்கத்தில் நடந்துகொண்டே, "துறை எங்க வரலாம், அண்ணன்?" என்று சத்தமாகக் கேட்டார். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடி, கயிற்றை இழுத்தபடி சொன்னார். "இதில வேண்டாம். இதில கட்டினா நாங்க செத்தம். அங்கால கட்டுங்க, கும்பிட்டு வாங்குவம்." எதிர்க் கயிற்றில் இருந்தவர்களும், "ஓம், அங்கால கட்டுங்க" என்று கத்தினார்கள். ஒரு சொல் விடாமல் நான் எழுதிக்கொண்டேன்.

வரும் வழியில் அக்கா பஸ்ஸில் பாட்டுப் படித்தார். உண்மையாகத்தான். கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அடுத்த கிழமை ஊருக்குப் போய், "உங்கட கதை கொழும்புக்குப் போயிட்டு, இனிப் பயமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் பிடித்து வைத்துத் திரும்பவும் சோறு போட்டார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். முன்மொழிவின் கடைசி வரைவு வந்தபோது அதில் முதல் கூட்டம் மட்டுமே இருந்தது. பந்தல், கைதட்டல், நன்றியுரை. கடற்கரைக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இடமும் மாறவில்லை. கூட்டங்களை நடத்தியவர் என்று அக்காவின் பெயர் கீழே இருந்தது. அக்கா தன் பெயரை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். அதோடு அந்த அலுவலகத்திலிருந்து அவருக்கு அழைப்பும் நின்றது. அதற்கெல்லாம் அவர் கவலைப்படவில்லை. நெஞ்சு வருத்தம் தொடங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஊரில ஆராவது கேட்டவையோ?" என்றார். இடம் மாறாத செய்தியை அவர் ஊருக்குச் சொல்லவேயில்லை.

எனக்கு நம்ப முடியவில்லை. பணிப்பாளரின் முகத்துக்கு நேரே கதைத்த மனுசி! நான் போய்ச் சொல்லவா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் றிஸ்மியா. நான்தான் பயமில்ல எண்டு சொன்னனான், நானே எழும்பிப் போய்ச் சொல்லுறன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அதுகள் என்னைக் கண்டவுடன சோறு போடக் கோப்பையைக் கழுவிக்கொண்டு ஓடிவருதுகள், பிள்ளை. ஏலாது, வாய் வருகுதில்ல" என்றார். சரி, எழும்பட்டும் என்று நானும் வந்துவிட்டேன். அவர் எழும்பவில்லை.

செத்த வீட்டுக்கு ஊரிலிருந்து ஒரு வான் பிடித்து வந்திருந்தார்கள். பெண்கள் பெட்டியைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். "எங்கட வலைப்பாட்டைக் காப்பாத்தித் தந்திட்டுப் போயிட்டியே" என்று ஒப்பாரி எழும்பியது. எனக்கு நிற்க முடியவில்லை. வெளியே வந்தால் வேலியோரம் தங்கராசா அண்ணன் தனியாக நிற்கிறார். "தங்கச்சி, அளவெடுக்க ஆக்கள் வந்து போறாங்க. கம்பி நடுறாங்க. எங்கட பக்கத்திலதான் நடுறாங்க" என்றார். அவர் குரலில் கோபமில்லை, சந்தேகம்கூட இல்லை. கம்பி நடுகிறவர்கள்தான் இடம் தெரியாமல் நடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அக்கா கிடக்கிறார். அந்த அழுகையில் அவருடைய பெயர் மின்னிக்கொண்டிருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அது மங்கிப்போகும். சொல்லாவிட்டால் இந்த மனிதர்கள் கட்டடம் எழும்புகிற நாள் வரை நம்பிக்கொண்டே இருப்பார்கள்.

"இடம் மாறேல்ல அண்ணன். அக்கா சண்டை பிடிச்சவ, கடற்கரையில நீங்க சொன்னதை அவங்க எழுத்தில எடுக்கல்ல. உங்களுக்குச் சொல்ல அவவுக்கு மனம் வரல்ல" என்றேன்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். "எப்ப தெரியும் அவவுக்கு?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். "அப்பவே சொல்லியிருந்தா நாங்க அரசாங்கக் கச்சேரி வாசல்ல போய் மறிச்சு இருந்திருப்பமே, தங்கச்சி" என்றார். பிறகு உள்ளே போய் ஆட்களோடு சேர்ந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார். சேமக்காலைக் குழி வரை கொடுத்தார், மாற்றிக்கொள்ள வந்தவர்களைக் கிட்ட விடவில்லை.

அக்கா, உங்களில் எனக்குக் கோபம்தான். இப்படி எழுதுகிறேனே என்று உங்கள் ஆட்கள் குறை நினைக்கலாம், நினைக்கட்டும். சனத்தின் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல்லை எடுக்க உங்களைப் போல் ஒருவருக்கும் தெரியாது. அதை நான் வைத்துக்கொள்கிறேன், சாகும்வரை விட மாட்டேன். ஆனால் அதே சொல் எடுபடாமல் போனதை அந்தச் சனத்திடம் திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்லுகிற வேலையை நீங்கள் எனக்கு விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். மற்றவர்களுக்கும் நானே வந்து சொல்ல வேண்டும் என்று தங்கராசா அண்ணன் கேட்டிருக்கிறார். நாளைக்குப் போகிறேன். அவர்கள் சோறு போடுவதற்கு முன்னம் சொல்லிவிடுவேன்.